300 மணி நேரத்தில் பிரின்சிபால் வேலை பழகுவது எப்படி?

என் அப்பா தஞ்சாவூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். பதவி உயர்வு ஆணையோடு அவர் போன முதல் நாள், முந்தைய எச்.எம். ஒரு சாவிக்கொத்தையும் ஓர் அடுக்குப் பதிவேடுகளையும் மேசையில் வைத்து 'சார்ஜ்' கொடுத்தார், டீ குடித்தார், பஸ் ஏறிவிட்டார். அரை மணி நேரத்தில் டி.சி. கேட்டு ஒரு அம்மா வந்து நின்றார். எந்தப் பதிவேட்டைப் புரட்டுவது என்று தெரியாமல் அப்பா அவரை உட்காரச் சொல்லி மோர் வாங்கிக் கொடுத்தாராம். இருபது வருஷம் கணக்குப் பாடம் நடத்திய மனிதர். அந்த அரை மணி நேரத்தில் அந்த இருபது வருஷம் ஒன்றுக்கும் உதவவில்லை.

நானும் கணக்கு ஆசிரியைதான், நியூ ஜெர்சியில் ஒரு மிடில் ஸ்கூலில். இப்போது வைஸ் பிரின்சிபால். இங்கே வரிசை வேறு: முதலில் வேலை பழக வேண்டும், பிறகு சான்றிதழ், அதற்கப்புறம்தான் நாற்காலி. அந்தப் பழகும் காலத்துக்குப் பெயர் நிர்வாக இன்டர்ன்ஷிப். அமெரிக்காவில் ஆசிரியராக இருக்கும் தமிழர்கள் சிலர் "அடுத்து என்ன?" என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதையே இங்கே எழுதி வைக்கிறேன். எண்களெல்லாம் நியூ ஜெர்சிக்கானவை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். வட கரோலினா போன்ற இடங்களில் ஓர் ஆண்டு முழுநேரமாகவே இன்டர்ன்ஷிப் செய்பவர்கள் உண்டு. ஆனால் வேலையின் தன்மை எங்கேயும் ஒன்றுதான்.

என்னென்ன வேண்டும்

கல்வித் தலைமை அல்லது அதற்கு நெருங்கிய துறையில் முதுகலைப் பட்டம் வேண்டும். முறையான சான்றிதழோடு ஐந்து ஆண்டு கல்விப் பணி அனுபவம் வேண்டும். 300 மணி நேர இன்டர்ன்ஷிப் வேண்டும். இது மற்ற பாடங்களோடு சேராத தனிக் கணக்கு. கூடவே எஸ்.எல்.எல்.ஏ. என்ற உரிமத் தேர்வில் 151 மதிப்பெண். இவ்வளவும் முடிந்தால் 'சர்டிஃபிகேட் ஆஃப் எலிஜிபிலிட்டி' கையில் வரும். அதை வைத்து வேலை தேடலாம். வைஸ் பிரின்சிபால் வேலைக்கும் இதே சான்றிதழ்தான் கேட்பார்கள், அதனால் "முதலில் வைஸ் பிரின்சிபால், அப்புறம் படிக்கலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

முதுகலைப் படிப்பில் சேரும்போதே இன்டர்ன்ஷிப்பை யார் ஏற்பாடு செய்வார்கள், பல்கலைக்கழகத்திலிருந்து மேற்பார்வையாளர் பள்ளிக்கு நேரில் வருவாரா என்று கேளுங்கள். "எல்லாம் ஆன்லைனில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அந்த 300 மணி நேரத்துக்கு நீங்கள்தான் முழுப் பொறுப்பு என்று புரிந்துகொண்டு சேருங்கள்.

மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது

நம்மில் பெரும்பாலானோர் முழுநேரமாகப் பாடம் நடத்திக்கொண்டேதான் இதைச் செய்கிறோம். சம்பளம் இல்லாத விடுப்பு எடுக்க யாருக்கு வசதி இருக்கிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளி ஆண்டு 180 நாள். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 180. மிச்சம் 120 மணி நேரம் என்பது கோடையில் மூன்று வாரம் முழுநேரம். பல்கலைக்கழகம் கோடையை ஏற்றுக்கொண்டால் இதுதான் மூச்சு முட்டாத வழி. பள்ளித் தலைமைக்குத் தயார் செய்யும் படிப்புகளுக்கான தேசிய அளவிலான என்.இ.எல்.பி. தரநிலைகள், 2018ல் வந்தவை, குறைந்தது ஆறு மாதம், வாரத்துக்கு 10 முதல் 15 மணி நேரம் என்று சொல்கின்றன. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

மணி நேரத்தின் எண்ணிக்கையைவிட அது எந்த நேரம் என்பது முக்கியம். பலர் பள்ளி முடிந்த பிறகு மூன்றரையிலிருந்து நாலரை வரை வருகிறார்கள். அந்த நேரத்தில் பிரின்சிபால் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார், கட்டடம் அமைதியாக இருக்கும், கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. காலை ஆறரைக்குப் போங்கள். நாலு ஆசிரியர்கள் உடம்பு சரியில்லை என்று பதிவு செய்திருப்பார்கள், மாற்று ஆசிரியர் இரண்டு பேர்தான் கிடைத்திருப்பார்கள், எட்டு மணிக்குள் அந்த இரண்டு வகுப்புக்கும் ஆள் வேண்டும். யாருடைய ப்ரெப் நேரத்தை, அதாவது பாடம் தயாரிக்க ஒதுக்கிய நேரத்தை, கேட்பது, போன வாரம் யாரிடம் கேட்டோம், ஆசிரியர் சங்க ஒப்பந்தம் என்ன சொல்கிறது? இந்த ஒன்றரை மணி நேரத்தில் கிடைக்கும் படிப்பு, மாலை நேரம் பத்து நாள் உட்கார்ந்தாலும் கிடைக்காது.

ஒரு விஷயம். ஆசிரியராக நீங்கள் ஏற்கெனவே செய்யும் லஞ்ச் டூட்டியையும் ஹால் டூட்டியையும் இன்டர்ன்ஷிப் கணக்கில் எழுதாதீர்கள். எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது தெரிந்துவிடும்.

மென்டர்

மென்டர் என்றால் இன்டர்ன்ஷிப்பில் நமக்கு வேலை பழக்கும் பிரின்சிபால். என் முதல் மென்டர் நல்ல மனிதர். இனிமையாகப் பேசுவார். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்பவர். எனக்குக் கிடைத்தது அறிவிப்புப் பலகை, கோப்பு அடுக்குவது, விழாவுக்கு நாற்காலி எண்ணுவது. நாற்பது மணி நேரம் அப்படியே போயிற்று. கேட்பதற்குக் கூச்சம், பெரியவர், அவராகத் தர வேண்டும் என்று காத்திருந்தேன். நம் ஊர் வளர்ப்பு. இங்கே கேட்காதவருக்கு ஒன்றும் வராது. வராததை யாரும் தப்பாகவும் நினைக்க மாட்டார்கள், "அவருக்கு அது போதும்போல" என்று விட்டுவிடுவார்கள்.

அப்புறம் பல்கலைக்கழக மேற்பார்வையாளரிடம் சொல்லி வேறு கட்டடத்தில் வேறு பிரின்சிபாலிடம் மாறினேன். மாற்றிக்கொள்ள முடியும் என்பதே பலருக்குத் தெரியாது. மென்டரை இன்டர்ன், பள்ளித் தரப்பு, பல்கலைக்கழகம் என மூன்று பேரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும், மென்டருக்கும் பயிற்சி தர வேண்டும் என்றுதான் என்.இ.எல்.பி. சொல்கிறது. நடைமுறையில் "உங்கள் பிரின்சிபாலிடமே கையெழுத்து வாங்கி வாருங்கள்" என்று முடித்துவிடுவார்கள்.

இரண்டாவது மென்டரிடம் முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்வி கேட்டேன். கோபமாக வரும் பெற்றோர் சந்திப்பில் என்னை ஒரு மூலையில் உட்கார விடுவீர்களா? ஒரு முடிவு எடுத்த பிறகு ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்று ஐந்து நிமிடம் சொல்வீர்களா? ஒரே ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை என் கையில் விடுவீர்களா? அவர் சிரித்துவிட்டு, "மூன்றாவதில் நீங்கள் சொதப்பினால் திட்டு எனக்கு விழும், தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். சரி என்றார். உங்கள் மென்டரிடமும் இதே மூன்றைக் கேளுங்கள். மூன்றாவதுக்குத் தயங்கினால் பரவாயில்லை, இரண்டாவதுக்குத் தயங்கினால் வேறு ஆள் தேடுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என்னையும் அப்படியே கூப்பிடச் சொன்னார். என் வாயில் வரவில்லை. ஆறு மாதம் எந்தப் பெயரும் சொல்லாமல், எதிரில் போய் நின்று பேச ஆரம்பிப்பேன். பள்ளிக்குள் எல்லோரும் பேசிக்கொள்ளும் வாக்கி-டாக்கி ரேடியோவில் அது முடியாதே. அப்போதுதான் பழகியது.

பார்ப்பது, கூட நிற்பது, முன்னின்று நடத்துவது

தென் மாநிலங்களின் கல்வி வாரியமான எஸ்.ஆர்.இ.பி. 2005லேயே இன்டர்ன்ஷிப்களை ஆராய்ந்து ஒரு குறையைச் சொன்னது: பல இடங்களில் பயிற்சி பெறுபவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், முன்னின்று நடத்தும் வாய்ப்பு குறைவு. என் அனுபவமும் அதுதான். அதனால் ஆரம்பத்திலேயே மென்டரோடு உட்கார்ந்து, முதல் ஐம்பது மணி நேரம் பார்ப்பது, அடுத்த நூறு கூட நின்று செய்வது, மிச்சம் நானே நடத்துவது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். அப்படியே நடக்கவில்லை. ஆனால் மார்ச் மாதம் வந்தபோது, "நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று சொல்ல அந்தத் தாள் கையில் இருந்தது.

பல்கலைக்கழகம் உங்கள் வேலைகளைத் தரநிலைகளோடு பொருத்தி எழுதச் சொல்லும். பள்ளித் தலைவர்களுக்கென 2015ல் வந்த பி.எஸ்.இ.எல். தரநிலைகள் பத்து, நெறிமுறை, பாடத்திட்டம், குடும்பங்களோடு உறவு, நிர்வாகம் என்று போகும். பத்துக்கும் சமமாக மணி நேரம் பிரித்துக் கட்டம் போடுவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஒரு நல்ல வேலையை எடுத்தால் ஐந்தாறு தரநிலைகள் தானாக அதற்குள் வந்துவிடும்.

நான் எடுத்த வேலை, பள்ளி விடும் நேரம். எங்கள் மிடில் ஸ்கூலில் பஸ்களும் பெற்றோர் கார்களும் ஒரே பாதையில் வரும். மூன்று ஐந்துக்கு மணி அடித்தால் இருபது நிமிடம் ஒரே நெரிசல். கணக்கு டீச்சர் சும்மா இருப்பாரா? இரண்டு வாரம் நின்று கார்களை எண்ணினேன். வரைபடம் போட்டேன். பஸ் பிள்ளைகள் முதலில், ஏழு நிமிடம் கழித்துக் கார் பிள்ளைகள், நடந்து போகிறவர்கள் பக்கவாட்டுக் கேட் வழியாக. ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல், பெற்றோருக்குக் கடிதம், எல்லாம் முறையாகப் போயிற்று. நவம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை தொடங்கினோம்.

நடந்து போகும் அறுபது பிள்ளைகள் பக்கவாட்டுக் கேட்டில் குளிரில் நின்றார்கள். கேட் பூட்டியிருந்தது. கட்டடத்தைப் பராமரிக்கும் பகல் கஸ்டோடியன் இரண்டரைக்கே வீட்டுக்குப் போய்விட்டார், சாவி மாலை ஷிப்ட் ஆளிடம், அவர் ஜிம்மில் மேடை போட்டுக்கொண்டிருந்தார். கேட் திறந்த பிறகு பார்த்தால், தெருவைக் கடக்க வைக்கும் கிராஸிங் கார்டு பழைய மூலையிலேயே நிற்கிறார். அவரை வேலைக்கு வைத்திருப்பது ஊர்க் காவல்துறை, பள்ளி இல்லை. பஸ் கம்பெனிக்கு யாரும் சொல்லவில்லை, ஒரு பஸ் கார் வரிசைக்குள் வந்து மாட்டிக்கொண்டது. அந்த மூன்று பேரும் என் மின்னஞ்சல் பட்டியலில் இல்லாதவர்கள். அதாவது என் திட்டத்தை உண்மையில் நடத்த வேண்டியவர்கள் யாருக்கும் அது தெரியாது.

மென்டர் வெளியே வந்து, பிள்ளைகளைக் கடக்க வைக்க அவரே தெருவில் இறங்கினார். எல்லாம் முடிந்து உள்ளே வந்ததும் என்னைத் திட்டவில்லை, வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. "நாளைக்கு?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலை நாலு போன் பண்ணினேன். வியாழக்கிழமை நெரிசல் ஒன்பது நிமிடமாகக் குறைந்திருந்தது. இப்போதும் எந்த மாற்றம் செய்தாலும் முதலில் ஒரு தாளில் எழுதுவது அதே கேள்விதான்: இதில் கை படப்போகிறவர்களில் என் மின்னஞ்சல் வராதவர் யார்?

உங்களுக்கு வேறு வேலை அமையலாம். அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கு வர வைப்பது நல்ல வேலை; பள்ளி நாட்களில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வராதவர்களைத் தனிக் கணக்காகப் பார்க்கிறார்கள், அதனால் அளந்து காட்ட எளிது. ஆங்கிலம் பேசாத பெற்றோருக்குப் பள்ளிக் கடிதம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று தேடிப் பார்ப்பதும் நல்லது. எதை எடுத்தாலும் அதில் நீங்களே முடிவெடுக்கும் இடம் ஒன்றாவது இருக்க வேண்டும். கருத்துக்கணிப்பு நடத்தி ஸ்லைடு போட்டுக் காட்டும் வேலைகளை ஒதுக்கிவிடுங்கள்.

ஆபீசுக்குள்

முதல் வாரம் பிரின்சிபாலைவிட ஸ்கூல் செக்ரட்டரியோடு அதிக நேரம் இருங்கள். எந்தப் பெற்றோருக்கு நீதிமன்ற ஆணை இருக்கிறது, யார் பிள்ளையை அழைத்துப் போகக் கூடாது, எந்த ஆசிரியருக்கு அம்மா மருத்துவமனையில், கொதிகலன் ரிப்பேருக்கு யாரைக் கூப்பிட்டால் அன்றே வருவார்? எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். போனை அவர் எப்படி எடுக்கிறார் என்று கேளுங்கள். கத்துகிற ஆளை எத்தனை வினாடி பேச விட்டு, எந்த இடத்தில் பெயரைக் கேட்கிறார் என்று நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். எந்த வகுப்பிலும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

ரேடியோ என்று சொன்னேனே. முதல் நாள் பொத்தானை அழுத்தி, மரியாதையாக, ஒரு நீளமான வாக்கியம் பேசினேன். கட்டடம் முழுக்கக் கேட்டது. யாருக்கு, எங்கே, என்ன; அவ்வளவுதான் பேச வேண்டும். பிள்ளையின் பெயரையும் காரணத்தையும் சேர்த்துச் சொல்லவே கூடாது, ஹாலில் நிற்கிறவர்கள் எல்லோர் காதிலும் விழும். உச்சரிப்புக் கவலை எனக்கும் இருந்தது. மெதுவாக, சுருக்கமாகப் பேசப் பேச அந்தக் கவலை குறைந்தது.

கேலி, துன்புறுத்தல் புகார்களை இங்கே எச்.ஐ.பி. என்பார்கள். 2011ல் இறுக்கப்பட்ட சட்டம் இது. புகார் வந்த ஒரு பள்ளி நாளுக்குள் பிரின்சிபால் விசாரணையைத் தொடங்கி வைக்க வேண்டும். எழுத்து மூலமான புகாரிலிருந்து பத்து பள்ளி நாளுக்குள் அது முடிய வேண்டும். விசாரிப்பவர் அதற்கென நியமித்த ஆன்டி புல்லியிங் ஸ்பெஷலிஸ்ட். நீங்கள் செய்ய வேண்டியது அவரோடு ஒரு வழக்கை முதலிலிருந்து கடைசி வரை, அனுமதியோடு, தொடர்ந்து பார்ப்பது. நாள் எண்ணுவதைவிட வார்த்தை எழுதுவதுதான் கஷ்டம் என்று அப்போது புரியும். "அவன் எப்போதும் இப்படித்தான்" என்று எழுதிய ஓர் அறிக்கையை என் மென்டர் திருப்பி அனுப்பினார். என்ன நடந்தது, யார் பார்த்தது, எத்தனை மணிக்கு. அதற்கு மேல் ஒரு சொல் கூடாது.

சஸ்பென்ஷனும் அப்படியே. 1975ல் கோஸ் எதிர் லோபஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: பத்து நாளோ அதற்குக் குறைவோ வெளியே அனுப்புவதென்றாலும், குற்றச்சாட்டை மாணவனிடம் சொல்ல வேண்டும், அவன் தரப்பைக் கேட்க வேண்டும். சிறப்புக் கல்வித் திட்டமான ஐ.இ.பி. இருக்கும் பிள்ளை என்றால், பத்து நாளைத் தாண்டி வெளியே வைக்கும்போது, அந்த நடத்தை அவனுடைய குறைபாட்டிலிருந்து வந்ததா என்று தனிக் கூட்டம் போட்டு முடிவு செய்ய வேண்டும். அதனால் ஒழுங்கு நடவடிக்கை எதுவானாலும் மென்டர் முதலில் செய்வது ஒன்றே: பிள்ளையின் கோப்பைத் திறந்து ஐ.இ.பி. அல்லது 504 திட்டம் (குறைபாடுள்ள பிள்ளைக்கு வகுப்பில் தரும் சலுகைகளுக்கானது) இருக்கிறதா, இந்த ஆண்டு ஏற்கெனவே எத்தனை நாள் வெளியே இருந்தான் என்று பார்ப்பார். பையன் எதிரில் அழுதுகொண்டிருந்தாலும் அதைப் பார்த்த பிறகுதான் பேச்சு.

கோடையில் கிடைக்கும் பெரிய விருந்து மாஸ்டர் ஷெட்யூல். பள்ளி முழுமைக்குமான கால அட்டவணை. எனக்குப் பிடித்த வேலை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். எளிய வகுப்புகளிலிருந்து ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே ஒரு பிரிவு மட்டும் நடக்கும் வகுப்புகளை முதலில் வையுங்கள்: பேண்ட், அல்ஜீப்ரா உயர்நிலைப் பிரிவு போன்றவை. இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தால் டிரம்ப்பெட் வாசிக்கும் கணக்குப் பிள்ளை ஒன்றை இழப்பாள். அடுத்து, சிறப்புக் கல்வி ஆசிரியரும் பாட ஆசிரியரும் சேர்ந்து நடத்தும் வகுப்புகள். அதற்கடுத்து இரண்டு பள்ளிகளுக்கு இடையே ஓடும் ஆசிரியர்கள். அவர்களுக்குக் கார் ஓட்ட நேரம் வேண்டும், எங்கள் முதல் வரைவில் ஒருவர் காற்றில் பறந்துதான் வந்திருக்க வேண்டும். பிறகு உணவு இடைவேளைகள், ஒப்பந்தப்படி ஆசிரியருக்குத் தர வேண்டிய ப்ரெப். இதெல்லாம் உட்கார்ந்த பிறகு மிச்ச இடத்தில் மற்றவை தானாக விழும். மென்பொருள் உண்டு. ஆனால் எந்த இரண்டு ஆசிரியர்களைச் சேர்ந்து பாடம் நடத்த வைக்கக் கூடாது என்று மென்பொருளுக்குத் தெரியாது.

பணம் பற்றி இரண்டு வரி. நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பர்ச்சேஸ் ஆர்டர் வராமல் ஒரு பென்சில் கூட வாங்காதீர்கள், ஆசிரியர்களையும் வாங்க விடாதீர்கள்.

தீயணைப்புப் பயிற்சி மாதம் ஒன்று, பாதுகாப்புப் பயிற்சி மாதம் ஒன்று கட்டாயம். ஒரு முறை பிள்ளைகளோடு வெளியே போகாமல் உள்ளே நின்று, காலியான அறைகளைப் பாருங்கள். கதவு பூட்டாத அறை, மணி கேட்காத மூலை எல்லாம் அப்போதுதான் தெரியும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

இன்டர்னாக இருக்கும்போது நீங்கள் இன்னும் ஆசிரியர்தான், ஆசிரியர் சங்க உறுப்பினர்தான். சக ஆசிரியரை முறையாக மதிப்பீடு செய்ய உங்களுக்கு அதிகாரம் இல்லை. கவனித்துப் பழக வேண்டுமென்றால், விருப்பப்பட்டு ஒப்புக்கொள்ளும் ஒருவரின் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுங்கள். மென்டரும் அதே வகுப்பில் தனியாகக் குறிப்பெடுக்கட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள், அந்தத் தாளை ஆசிரியரிடமே கொடுத்துவிடுங்கள். நான் "பிள்ளைகள் ஆர்வமாக இருந்தார்கள்" என்று எழுதிய அதே பத்து நிமிடத்துக்கு மென்டர், "26 பேரில் 7 பேர் பேசினார்கள், 5 பேர் முன்வரிசை" என்று எழுதியிருந்தார்.

சக ஆசிரியரை விசாரிக்கும் கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். ஆசிரியருக்குச் சங்கப் பிரதிநிதியைக் கேட்கும் உரிமை இருக்கும் இடம் அது. அங்கே நீங்கள் யார் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு நல்ல பதில் இல்லை. ஸ்டாஃப் ரூமிலும் ஒரு மாற்றம் வரும். நீங்கள் உள்ளே வந்ததும் பேச்சு கொஞ்சம் நிற்கும். முதல் முறை எனக்கு வலித்தது.

மாணவர் பதிவேடுகளை 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் காக்கிறது. வேலைக்குத் தேவை என்றால் மட்டுமே பார்க்கலாம். நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சோதனை உண்டு. வார இறுதியில் தமிழ்ப் பள்ளியில் பார்க்கிற அம்மா, வாட்ஸ்அப்பில், "அக்கா, என் பொண்ணை அந்த டீச்சர் கிளாஸிலிருந்து மாத்த முடியுமா? கூட இருக்கற பையன் எப்படி?" என்று கேட்பார். தெரிந்தாலும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். "ஆபீசுக்குப் போன் பண்ணுங்கம்மா, நான் இதில் பேசக் கூடாது" என்று முதல் தடவையே சொல்லிவிட்டால் இரண்டாவது தடவை வராது. சிலர் கோபித்துக்கொள்வார்கள். இரண்டு பொங்கல் விழாவுக்குள் சரியாகிவிடும்.

நோட்டு

மணி நேரக் கணக்கை அன்றன்றைக்கே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் எழுதினால் "கூட்டத்தில் கலந்துகொண்டேன்" என்றுதான் வரும். நான் மூன்று பத்தி வைத்திருந்தேன். என்ன நடந்தது, மென்டர் என்ன முடிவெடுத்தார், அவர் முடிவைக் கேட்பதற்கு முன்பே, நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன். மூன்றாவதை முதலில் எழுதுவது கட்டாயம், பின்னால் எழுதினால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்வோம். அக்டோபரில் பத்தில் ஏழு முறை என் பதிலும் அவர் பதிலும் வேறு வேறு. பெரும்பாலும் நான் அவசரப்பட்டிருந்தேன். அன்றே முடிக்கத் தேவையில்லாததை அன்றே முடிக்கப் பார்த்திருந்தேன். ஏப்ரலில் வித்தியாசம் குறைந்தது. இரண்டு முறை அவர் என் பதிலைப் படித்துவிட்டு, "இதுவே சரி" என்று தன் முடிவை மாற்றினார்.

பெயர்களை எழுதாதீர்கள், பையன் ஒன்று, ஆசிரியர் ஆ என்று போதும். அந்த நோட்டு தொலையலாம்.

தேர்வும் கையெழுத்தும்

எஸ்.எல்.எல்.ஏ. தேர்வு நாலு மணி நேரம். 120 தேர்ந்தெடுக்கும் வினாக்கள், பிறகு நாலு எழுத்து வினாக்கள். எழுத்து வினாவில் ஒரு பள்ளியின் தரவுகளையும் ஆவணங்களையும் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். இன்டர்ன்ஷிப் பாதி தாண்டிய பிறகு எழுதுங்கள். நோட்டில் எழுதிப் பழகிய கை அதற்குத் தானாக ஓடும். நம்மவர்கள் தேர்வை முதலில் முடித்துவிடத் துடிப்பார்கள். தேர்வு எழுதுவதில் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதனாலேயே அதைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்கிறேன்.

சான்றிதழ் வந்து வேலை கிடைத்த பிறகும் பயிற்சி முடியாது. தற்காலிகச் சான்றிதழோடு முதல் இரண்டு ஆண்டு ஒரு வழிகாட்டியின் கீழ் இருக்க வேண்டும், அப்புறம்தான் நிரந்தரச் சான்றிதழ். நேர்காணலில் உங்கள் 300 மணி நேரத்தைப் பற்றிக் கேட்டால் நன்றாக நடந்த வேலையைவிடச் சொதப்பிய வேலையைச் சொல்லுங்கள், மறுநாள் என்ன செய்தீர்கள் என்பதோடு. பூட்டிய கேட் கதையைச் சொன்னபோது என் எதிரில் உட்கார்ந்திருந்த மூன்று பேரில் இருவர் தலையாட்டிச் சிரித்தார்கள். அவர்களிடமும் ஒரு கேட் கதை இருந்திருக்க வேண்டும்.

கடைசியாக, மணி நேரப் பதிவில் மென்டர் கையெழுத்தை மாதாமாதம் வாங்குங்கள். எல்லாம் முடிந்து ஜூலையில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். இங்கே பிரின்சிபால்கள் பலர் ஜூன் முடிந்ததும் ஓய்வு பெறுகிறார்கள். என்னோடு படித்த ஒருவர் 300 மணி நேரத் தாளோடு ஃப்ளோரிடா வரை விமானம் ஏறிப் போய், கோல்ஃப் மைதான வாசலில் காத்திருந்து கையெழுத்து வாங்கி வந்தார்.